பழைய சிந்த் ஃபில்டரின் 'தடிப்பு': நிஜமா, வெறும் பழைய பாசமா?

மார்ச் 14, இரவு 9.12
(காவேரிப்பட்டணம் வாசகர் போட்ட கேள்வி)
அண்ணே, உங்ககிட்ட ரோலண்ட் ஜூனோ-106, அதாவது அந்தப் பழைய சிந்த் கீபோர்டு, இருக்குன்னு கேள்விப்பட்டேன். அதே ஃபில்டர், அதே ஸ்லைடர் எல்லாம் செல்போன் ஆப்லயே ஓசியில கிடைக்குது. அப்புறம் எதுக்கு அந்த 1984 பெட்டியைத் தூக்கிச் சுமக்கறீங்க? பழைய ஃபில்டருக்குன்னு தனிக் குணம் இருக்குங்கறது தாத்தா சைக்கிள் மேல இருக்கற பாசம் மாதிரிதான். கண்ணைக் கட்டிவிட்டா ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது, பந்தயம்.

மார்ச் 14, இரவு 10.05
பந்தயத்துக்கு அப்புறம் வரேன். தாத்தா சைக்கிளைச் சும்மா சொல்லாதீங்க தம்பி, அதுல ரெண்டு மூட்டை புளி ஏறும். இப்ப வர்ற சைக்கிள்ல ஏத்திப் பாருங்க.

நான் தருமபுரியில ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பண்றவன், ராத்திரியில கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கறவன். ரெண்டு வேலையும் பார்க்கறதால ஒண்ணு சொல்றேன்: தனிக் குணம் இருக்கு. ஃபில்டர்னா ஒலியை வடிகட்டற பாகம், வாய் மாதிரி. 'ஊ'ன்னு ஆரம்பிச்சு அப்படியே 'ஓ', 'ஆ'ன்னு வாயைத் திறந்துக்கிட்டே போங்க. தொண்டையில சுரம் மாறலை, வாய்தான் மாறுது. கட்ஆஃப்னா எதுக்கு மேல இருக்கற ஒலியை வெட்டணும்ங்கற எல்லை, அந்த ஸ்லைடரை ஏத்தறதும் அதேதான். ரெசொனன்ஸை, அதாவது அந்த எல்லையில இருக்கற ஒலியைத் தூக்கிக் காட்டறதை, ஏத்தினா மூக்கால பேசற மாதிரி ஒரு முனை நீட்டிக்கும். இது ஆப்லயும் உண்டு. ஆனா வாய்னா ஆளுக்கு ஆள் வேறதானே?

மார்ச் 14, இரவு 10.31
இன்னொண்ணு. வெயில் ஏற ஏற ஜூனோவோட ஸ்ருதியே நழுவும், அந்த நழுவல்தான் உயிர். ஆப்ல எங்க நழுவும்?

மார்ச் 15, காலை 7.20
ஓசூர்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில இருக்கற ஒரு சார் ராத்திரியே எழுதி என் மூக்கை உடைச்சுட்டாரு. ஜூனோவுல ஸ்ருதி நழுவாது. அதோட ஆசிலேட்டரை, அதாவது சுரத்தைப் பிறப்பிக்கற பாகத்தை, டிஜிட்டல் கடிகாரம் எண்ணி எண்ணி நடத்துது. அவரு சொல்றது சரி. மினிமூக், ப்ராஃபெட் மாதிரி வேற பழைய சிந்த் பெட்டிகள்ல நடக்கற கதையை என் பெட்டி மேல ஏத்திட்டேன். மேல இருக்கற குறிப்பை அழிக்கலை, இருக்கட்டும், அசிங்கப்படறதும் ஒரு பாடம்தான்.

ஆனா சார், அந்தப் பெட்டியில நழுவற பாகம் ஒண்ணு இருக்கு, ஃபில்டர். அதுல நான் பட்ட அவமானத்தைச் சாயங்காலம் எழுதறேன். கடை திறக்கணும்.

மார்ச் 15, இரவு 9.48
மாசி மாசம், அங்காளம்மன் திருவிழா, பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். சாயங்காலம் நாலு மணிக்குத் தகரப் பந்தலுக்குக் கீழ மேடை. தகரம் அப்பளம் பொரியற அளவு சூடு. ஃபில்டர் ரெசொனன்ஸை முழுசா ஏத்தினா அதுவே தனியா விசில் அடிக்கும், ஆசிலேட்டரே தேவையில்லை. அந்த விசிலை கீபோர்டு ஃபாலோ ஸ்லைடரோட (அழுத்தற கட்டைக்கு ஏத்த மாதிரி கட்ஆஃபை நகர்த்தறது) சேர்த்து ஸ்ருதி வெச்சா புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம் வரும், நம்ம ஊர்ல வேற எவன்கிட்டயும் இருக்காது. எனக்கு அதுல ஒரு திமிர். நாலரைக்கு ஆர்மோனியத்தோட ஒத்துப்பார்த்து வெச்சுட்டேன், அவ்வளவு சுத்தம்.

அந்தப் பாட்டு வந்தது ராத்திரி ஒண்ணேகால் மணிக்கு. மாசிப் பனி, துண்டைத் தலையில சுத்திக்கிட்டு வாசிக்கறோம். விசில் முதல் சுரத்துலயே பாடற அம்மா திரும்பி என்னைப் பார்த்தாங்க. தொடர்ந்து ஏத்திப் பாடுறாங்க, நான் விலகிப் போறேன். மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இன்னும் விலகுது. எட்டு வரி தாங்கலை, ஸ்லைடரை இறக்கிட்டு சாதாரண ஸ்டிரிங்ஸ்க்கு ஓடிட்டேன். தவில்காரர் இடைவேளையில கேட்டாரு: "மாப்ள, அது குழலா, குக்கரா?"

ஏன் இப்படின்னு அப்ப தெரியலை. இப்ப தெரியும். டிரான்சிஸ்டர்ல மின்னழுத்தத்தைச் சுரமா மாத்தற கணக்குல வெப்பநிலையும் உட்கார்ந்திருக்கு. அறைச் சூட்டுல அந்த வெப்ப மின்னழுத்தம் 26 மில்லிவோல்ட் அளவு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம் மாறும். ஈடுகட்ட எதுவும் இல்லாத சர்க்யூட்ல பத்து டிகிரி மாறினா, தொடங்கின இடத்துலருந்து அஞ்சு ஸ்தாயி தள்ளி இருக்கற சுரம் ரெண்டு அரைச்சுரம் தள்ளிப் போயிடும். அதனாலதான் சூட்டுக்கு ஏத்த மாதிரி மதிப்பு மாறற தனி ரெசிஸ்டரை அந்த இடத்துல போடறாங்க. ஆசிலேட்டருக்குப் பார்த்துப் பார்த்துப் பண்ணுவாங்க. ஃபில்டர்னா, சரி போகட்டும்னு விடறதும் உண்டு. விசிலைக் கச்சேரிக்கு எடுத்துட்டுப் போற கிறுக்கன் ஒருத்தன் வருவான்னு எவன் நினைச்சான்?

மார்ச் 16, காலை 6.55
இதையெல்லாம் எழுதிட்டுப் படுத்தேன், தூக்கத்துல உறைச்சது: நழுவறது குணம் இல்லையே. அது கோளாறு. ஸ்லைடரைத் தொடாம சும்மா ஒரு சுரம் வாசிச்சா நழுவல் காதுக்கு எட்டாது, ஆனாலும் பெட்டி 'தடிப்பா'தான் இருக்கு. அப்போ தடிப்பு வேற எங்கயோ இருக்கு.

மார்ச் 17, இரவு 8.30
ஊத்தங்கரைத் தம்பி கேட்டதுக்கு: ஃபில்டரை 24 டெசிபல், 12 டெசிபல்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

24னா, கட்ஆஃபை நல்லாத் தாண்டின பிறகு ஒவ்வொரு ஸ்தாயி மேல போறப்பவும் சத்தத்தோட அளவு ஏறக்குறைய 16ல ஒரு பங்கா இறங்கும். 12 டெசிபல்னா நாலுல ஒரு பங்காதான் இறங்கும், கொஞ்சம் காற்றோட்டமா இருக்கும். ஓபர்ஹைம் எஸ்இஎம்ங்கற சிந்த் (1974) 12 டெசிபல். மூக் கம்பெனி சிந்த் 24.

மூக் ஏணியைப் பத்திச் சொல்லியே ஆகணும், அதாவது படிப்படியா அடுக்கின மூக் ஃபில்டர் சர்க்யூட். ராபர்ட் மூக் வாங்கின காப்புரிமை, 1969ல கைக்கு வந்தது. நாலு படி. படிக்கு ரெண்டு டிரான்சிஸ்டர், நடுவுல ஒரு கெப்பாசிட்டர். ரெசிஸ்டரைத் திருகறதுக்குப் பதிலா டிரான்சிஸ்டர் வழியா ஓடற மின்னோட்டத்தை மாத்தறாரு. மின்னோட்டம் கூடினா டிரான்சிஸ்டரோட உள் தடை குறையும், கட்ஆஃப் மேல ஏறும். ஒரு மில்லிஆம்ப் ஓடினா தடை 26 ஓம். அவ்வளவு எளிமை. 1970ல வந்த மினிமூக்ல அந்தக் கெப்பாசிட்டர் 0.068 மைக்ரோஃபாரட், எங்க கடை டப்பாவுல கைவிட்டா அஞ்சாறு அகப்படும்.

அந்த டிரான்சிஸ்டர் ஜோடி நேர்மையா நடக்கறது ஒரு இருபது மில்லிவோல்ட் வரைக்கும்தான். அதுக்கு மேல கொண்டு வந்து கொட்டினா வளைஞ்சு கொடுக்கும். கேழ்வரகு மாவு சலிக்கறதைப் பாருங்க: பிடிப்பிடியா போட்டா சல்லடை ஒழுங்கா சலிக்கும். முறத்தோட கவுத்தா துணியே தொய்ஞ்சு போய், சலிக்கறதும் நசுக்கறதும் ஒண்ணா நடக்கும். இங்க நாலு சல்லடை, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தொய்யும். முதல் சல்லடை நசுக்கி உண்டாக்கின புது ஒலிகளை அடுத்தது மறுபடி சலிக்கும். அதனாலதான் கிட்டார்க்காரங்க சத்தத்தைக் கிழிக்க மிதிக்கற ஃபஸ் பெடல் மாதிரி கீறாம, உருண்டையா வருது.

நான் தேடிக்கிட்டிருந்த தடிப்பு இங்கதான் இருக்குன்னு நினைக்கறேன். சலிக்கற அளவுல இல்லை, தொய்யற விதத்துல.

மார்ச் 17, இரவு 8.41
எழுத மறந்தது. மூக் ஏணியில ரெசொனன்ஸை ஏத்தினா கீழ் ஸ்தாயி காணாம போகும்னு எல்லாரும் புலம்புவாங்களே, அதுவும் இதே கணக்குதான். கட்ஆஃப்ல ஒரு படிக்கு ஒலி அலை 45 பாகை திரும்பும், நாலு படிக்கு 180, அதாவது தலைகீழ். அளவு நாலுல ஒண்ணா இறங்கியிருக்கும். வெளிய வந்ததை நாலு மடங்கு பெருக்கித் தலைகீழா உள்ள விட்டா விசில் அடிக்க ஆரம்பிக்கும். அதே நேரம் கீழ் ஸ்தாயிக்கு அந்தத் திருப்பம் இல்லாததால தன்னைத் தானே அடிச்சுக்கிட்டு அஞ்சுல ஒரு பங்கா சுருங்கும், 14 டெசிபல் நஷ்டம். பேஸ் வேணும்னா விசில் கிடையாது.

மார்ச் 19, மதியம் 2.10
வாடிக்கையாளர் யாரும் வரலை, வெளிய வெயில் கொளுத்துது.

303 பத்திக் கேட்டிருக்காங்க. ரோலண்ட் டிபி-303, 1981. தனியா கிட்டார் வாசிக்கறவனுக்குக் கூட ஒரு பேஸ் ஆள் மாதிரி இருக்கட்டும்னு பண்ணாங்க. பேஸ் மாதிரியும் இல்லை, விக்கவும் இல்லை, 1984லயே நிறுத்திட்டாங்க. அது 18 டெசிபல்னு நானே பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். தப்பு. அதுலயும் நாலு படிதான். டயோடு மாதிரி இணைச்ச டிரான்சிஸ்டர்கள், படிக்கும் படிக்கும் நடுவுல தடுப்புச் சுவர் கிடையாது. ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சு நிக்கறாங்க. கெப்பாசிட்டர்ல ஒண்ணு மட்டும் மத்ததுல ஏறக்குறையப் பாதி. அதனால கட்ஆஃப் பக்கத்துல சரிவு மழுங்கி, கேட்கறவனுக்கு 18 மாதிரி தோணுது. அந்த 'க்யாவ் க்யாவ்' இங்கருந்துதான் வருது.

சிகாகோக்காரங்க ஆசிட் ஹவுஸ்னு ஒரு நடன இசையை அதை வெச்சு ஆட ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே, 1982ல மும்பையில சரண்ஜித் சிங் இதே 303, 808ங்கற தாளப் பெட்டி, ஜூபிடர்-8ங்கற பெரிய சிந்த் மூணையும் வெச்சு ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு தட்டே போட்டுட்டாரு. அப்ப எவனும் கண்டுக்கலை. கமகத்துக்கு அந்தச் சறுக்கல் எவ்வளவு பொருந்துதுன்னு கேட்டவங்களுக்குத் தெரியும்.

எனக்கு அதைக் கேட்டா உருமிதான் ஞாபகம் வரும். வளைஞ்ச குச்சியைத் தோல் மேல இழுத்துத் தேய்க்கறப்ப வர்ற அந்த 'உர்ர்ர்...ம்'. அதுவும் கட்ஆஃப் நகர்த்தறதுதான், கரண்ட் இல்லாம.

மார்ச் 19, மதியம் 2.25
இல்லை, உருமியில ஸ்ருதியும் சேர்ந்து நகருது. பாதிதான் சரி.

மார்ச் 22, இரவு 11.15
இப்ப என் மேலயே எனக்குச் சந்தேகம். இன்னைக்கு ராத்திரி பெட்டியைக் கடையில தனியா வெச்சு ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தேன்.

முதல்ல கோரஸ், ஒரே சத்தத்தைப் பல பேர் வாசிக்கற மாதிரி ஆக்கற எஃபெக்ட். அணைச்ச உடனே பாதித் தடிப்பு போயிடுச்சு! இத்தனை வருஷமா "ஃபில்டர் பாரு, ஃபில்டர் பாரு"ன்னு நான் பீத்திக்கிட்டதுல பாதி அந்த ரெண்டு கோரஸ் பொத்தான். அடுத்தது எச்பிஎஃப் ஸ்லைடர், கீழ் ஒலியை வெட்டற இன்னொரு ஃபில்டர். 106ல அதுக்கு நாலு நிலை. கடைசிக் கீழ் நிலையில வெச்சா பேஸைக் குறைக்காது, தூக்கிக் கொடுக்கும். நான் எப்பவும் அங்கதான் வெச்சிருப்பேன். அதுக்கு அடுத்த ஒண்ணாம் நிலையில வெச்சேன், இன்னும் கொஞ்சம் போச்சு. அதுக்கப்புறம் என் ஆம்ப்ளிஃபயர், நானே சரி பண்ணது, சத்தத்தை மாத்தாம அப்படியே தரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

காவேரிப்பட்டணம் தம்பி, நீங்க சொன்னதுல பாதி சரின்னு ஒத்துக்கறேன். பாதிதான்.

மார்ச் 23, காலை 8.00
பெட்டி எப்படி வந்துச்சுன்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. பெங்களூர்ல ஒரு பழைய சாமான் கடை. விக்கறவன் "ஃபுல் வொர்க்கிங் சார்"னான். பின்னாடி 100 வோல்ட்னு எழுதியிருக்கு, ஜப்பான் பெட்டி. நான் பார்க்காம வீட்டுக்கு வந்ததும் 230ல சொருகினேன். ஃப்யூஸ் டப்புனு போச்சு, நல்லவேளை அதோட நின்னுச்சு. அப்புறம் நம்ம ஊர் மோட்டார் காயில் கட்டற கடையில 230க்கு 100ன்னு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுத்திக் கொடுத்தாங்க. போர்வெல் மோட்டார் கட்டற கை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எடை பெட்டியை விட ஜாஸ்தின்னு எங்க டிரைவர் சத்தியம் பண்ணுவாரு.

ஃபுல் வொர்க்கிங்னு சொன்னானே, ஆறு குரல்ல (ஒரே நேரத்துல ஆறு சுரம் வாசிக்கலாம், சுரத்துக்கு ஒரு குரல்) ரெண்டு பொரிஞ்சுது. சுரம் விட்ட பிறகும் மழையில நனைஞ்ச ஸ்பீக்கர் மாதிரி கரகரன்னு. 106 வெச்சிருக்கறவங்களுக்கு இந்தச் சாபம் தெரியும்.

மார்ச் 23, இரவு 9.30
அந்தச் சாபத்தோட பேரு 80017ஏ. குரலுக்கு ஒண்ணா ஆறு. ஃபில்டரும் ஒலியளவு ஏத்தி இறக்கற பாகமும் ஒரே சின்னப் பலகையில வெச்சு, மேல கறுப்புப் பிசின் பூசி மூடிட்டாங்க. காலப்போக்குல அந்தப் பிசினே மின்சாரத்தைக் கசிய விடுது. சர்க்யூட்ல தப்பில்லை, சட்டையிலதான் தப்பு.

மருந்து அசிட்டோன். கழட்டி, சுத்தமான அசிட்டோன்ல ஊறப் போடணும். கண்ணாடிப் பாத்திரம்தான் ஆகும், பிளாஸ்டிக் வேண்டாம். கடையில கண்ணாடி எதுவும் இல்லை. வீட்டுல மாங்காய் ஊறுகாய் பாட்டில் காலியா இருந்துச்சு, நல்லாக் கழுவிட்டுத்தான் எடுத்தேன். ஆனாலும் மூடியைத் திறந்தா அசிட்டோன் நெடியோட பெருங்காயம்.

மூணாம் நாள் காலையில எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் தோல் ஊறின புளியோட நார் மாதிரி உப்பி, ஓரத்துல நகம் பட்டா உரிஞ்சு வருது. அவசரப்படக் கூடாது, அடியில மயிரிழைப் பாகங்கள் இருக்கு. பல்குச்சியால மெதுவா நெம்பினேன். உள்ள வெள்ளைப் பீங்கான் பலகை, அரிசி அளவுல சாமான்கள், நடுவுல ஐஆர்3109. இதே சில்லுதான் ஜூபிடர்-8லயும் உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. பெரிய வீட்டுப் பிள்ளை நம்ம ஊறுகாய் பாட்டில்ல குளிச்சுட்டு வந்து நிக்குது.

திருப்பிப் போட்டேன். ரெண்டு குரலும் சுத்தம். ஏழு மணி வரைக்கும் கடையில வாசிச்சேன், டீக்கடைக்காரர் வந்து "யாருக்காச்சும் கல்யாணமா"ன்னாரு.

மார்ச் 24, காலை 6.40
நேத்து எழுதாம விட்டது. குளிச்சு வந்த ரெண்டும் மத்த நாலு குரலோட ஒட்டலை, கொஞ்சம் திறந்த தொண்டை. குரலுக்குக் குரல் தனித்தனி ட்ரிம் பாட் (உள்ள இருக்கற சின்னத் திருகு) இருக்கு, அதை வெச்சு ஆறையும் ஒண்ணா ஆக்கினேன். மயிரிழை வித்தியாசம் கூட விடலை. பல சுரத்தைச் சேர்த்து அழுத்தினா அட்டையில வெட்டின மாதிரி தட்டையா நின்னுச்சு. ராத்திரியே மூணாவதை ஒரு துளி திருப்பிவிட்டேன். இப்ப நல்லா இருக்கு. ரிப்பேர்க்காரனா இதைச் சொல்றதுக்கு வெட்கம்தான்.

மார்ச் 26, இரவு 10.20
ஆப் கட்சிக்காரங்களுக்கும் நியாயம் செய்யணும். பழைய டிஜிட்டல் ஃபில்டர்கள்ல வெளிய வந்து திரும்ப உள்ள போற ஒலி ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியோட ஒரு மிகச் சின்ன அடி) தாமதமா வந்து சேரும், ரெசொனன்ஸ் ஏத்தினா ஸ்ருதி தப்பும். படிப்படியான தொய்வும் இல்லை. 2004ல ஃபின்லாந்துக்காரர் ஆன்ட்டி ஹூவிலைனன் மூக் ஏணியோட ஒவ்வொரு படியிலயும் அந்த வளைவைக் கணக்குல வெச்சு எழுதிக் காட்டினாரு. அதுக்கப்புறம் கதை மாறிடுச்சு. இப்ப ஆப்னு பொதுவாத் திட்டறது, கறுப்பு வெள்ளை டிவியைப் பார்த்து டிவியே மட்டம்னு சொல்ற மாதிரி.

அரூர்க்காரருக்கு: கோர்க் எம்எஸ்-20 சிந்த்ல (1978) இருக்கறது ஏணியே இல்லை, வேற கட்டுமானம், கத்தும். ப்ராஃபெட்-5ல முதல் ரெண்டு பதிப்புக்கு எஸ்எஸ்எம் சில்லு, மூணாவதுல கர்டிஸ் சில்லு. ஒரே பேரு, ஒரே முகம், உள்ள வேற வாய். அதை வெச்சு உலகம் பூரா இன்னும் சண்டை போடறாங்க, நம்ம சண்டை எவ்வளவோ தேவலை. ஏஆர்பிங்கற கம்பெனியோட 4072 ஃபில்டர் ஒரு தப்பான ரெசிஸ்டர் மதிப்பால 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல திறக்காது. அதுக்கு மேல என் காதும் திறக்காது, அதனால எனக்குக் குறை இல்லை.

மார்ச் 30, இரவு 11.50
பந்தயம் முடிஞ்சது.

காவேரிப்பட்டணம் தம்பி பஸ் ஏறி நேர்லயே வந்துட்டாரு. நான் நினைச்சதை விடச் சின்னப் பையன், மீசை இப்பத்தான். கண்ணைக் கட்டலை, சுவரைப் பார்த்து உட்கார வெச்சாங்க. என் பொண்ணு பெட்டி, ஓசி ஆப் ரெண்டுல ஏதோ ஒண்ணை வாசிக்கணும், எதுன்னு நான் சொல்லணும். கோரஸ் கிடையாது, எச்பிஎஃப் ஒண்ணுல, ஒலியளவு மீட்டர் வெச்சுச் சமம் பண்ணியாச்சு.

முதல் சுற்று: ஒரே ஒரு அலை, பாதி அளவு, ரெசொனன்ஸ் கொஞ்சம். பத்துல அஞ்சு சொன்னேன். காசு சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும். தம்பி ஒண்ணும் பேசலை, சிரிப்பை அடக்கறது மட்டும் முதுகுக்குப் பின்னாடி கேட்டுச்சு.

ரெண்டாம் சுற்று: ரம்ப அலை, பல்ஸ், சப்னு ஆசிலேட்டர் தர்ற மூணு அலையையும் முழுசாத் திறந்து ஃபில்டர் வாசல்ல கொட்டச் சொன்னேன், கட்ஆஃபை மெதுவா ஏத்தச் சொன்னேன். பத்துல ஒன்பது. ஜூனோவுல ஸ்லைடர் பாதி தாண்டறப்ப ஒரு முனகல் வருது, 'ஓ'க்கும் 'ஆ'க்கும் நடுவுல ஒரு உதடு மடிப்பு. அந்த ஆப்ல அது இல்லை, நேராத் திறக்குது.

அப்புறம் தம்பி வேற ஒரு ஆப் எடுத்தாரு, காசு கொடுத்து வாங்கினது. அதுல எனக்கு ஏழுதான். தொய்யற கலையை அது கத்துக்கிட்டிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் போனா அஞ்சா ஆயிடும்னு அவரு சொல்றாரு. ஆகட்டுமே.

போறப்ப பெட்டி முன்னாடி அரை மணி நேரம் உட்கார்ந்து கட்ஆஃபை மட்டும் ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்தாரு. கடைசி பஸ் போயிடும்னு நான்தான் கிளப்பி விட்டேன்.

மார்ச் 31, காலை 9.05
தம்பி கேட்ட கேள்விக்கு இங்கயே பதில்: விக்க மாட்டேன்.

ஏப்ரல் 3, இரவு 8.15
இன்னைக்கு மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை ஒன்பதுலருந்து அஞ்சு வரைக்கும் கரண்ட் இல்லை. சாயங்காலம் வந்ததும் போட்டேன். அஞ்சாவது குரல் பொரியுது. மிச்சம் நாலுல ஒண்ணு எப்பவாச்சும் போகும்னு தெரிஞ்சதுதான். அசிட்டோன் கைவசம் இருக்கு. ஊறுகாய் பாட்டிலைத்தான் வீட்டுல எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டாங்க.